ஏழு தினார்ப் பெட்டி

ஆகஸ்ட். ஷுவைக்கில் வெளியே ஐம்பது டிகிரி.
புழுதி வந்து ஜன்னல்களையெல்லாம்
தேநீர் நிறமாக்கிய அன்று
கரண்ட் ஒருமுறை தும்மியது.
பெரிய கம்பெனி ரவுட்டர் போய்ச் சேர்ந்தது.
கருகல் வாசனை மட்டும் மூன்று நாள் தங்கியது.

அகமதி கிளை பேசவில்லை.
வஃப்ரா கிடங்கு பேசவில்லை.
குத்தகை லைன் உயிரோடுதான் கிடந்தது,
அதன் முனையில் எடுத்துப் பேச ஆளில்லை.
மாற்று துபாயில் இருக்கிறதாம்,
வர ஆறு வாரமாம்.
கணக்கர் வஜீஹ் என் மேஜையைத் தட்டினார்:
"யா முஹந்திஸ், இருபத்தைந்தாம் தேதி
நாற்பத்து மூன்று பேருக்குச் சம்பளம்."
நான் முஹந்திஸ் இல்லை.
என் விசாவில் ஸ்டோர் கீப்பர் என்றிருக்கிறது.

வெள்ளிச் சந்தையில்
கம்பளிக் குவியலும் கூண்டுப் புறாக்களும் தாண்டி
நூருல் ஹக்கின் தார்ப்பாய்மேல்
மஞ்சளேறிப்போன ஒரு கம்ப்யூட்டர்.
முதுகில் ஏதோ பள்ளிக்கூட ஆய்வகத்தின்
அரபி ஸ்டிக்கர், பாதி கிழிந்து.
பதினைந்து என்றான், ஐந்து என்றேன்,
ஏழு தினார்.
இன்னொரு நெட்வொர்க் கார்டைச்
சட்டைப்பையிலிருந்து எடுத்துக்
கொசுறு என்று வைத்தான்.

இரவு அலுவலகத்தில்
நானும் ஏசியின் இரைச்சலும்.
பென்டிரைவில் லினக்ஸ்.
எவளோ எவனோ எந்த ஊரிலோ
தூக்கம் கெட்டு எழுதிய வரிகள்.
பார்க்கலாம், பிரிக்கலாம், மாற்றலாம்,
அடுத்தவருக்கும் கொடுக்கலாம் என்கிறது உரிமம்.
என் கையிலிருக்கும் வேறெந்தக் காகிதமும்
என்னிடம் இப்படிப் பேசியதில்லை.

ஒரு கார்டு உள்ளே பார்த்து, ஒரு கார்டு வெளியே பார்த்து.
ஆனாலும் எதுவும் நகரவில்லை.
இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிறாய் என்று
எத்தனை குட்டு வாங்கியிருப்பேன் பள்ளியில்!
அதையேதான் இன்று கெஞ்சினேன் இந்தப் பெட்டியிடம்.

கர்னலின் ஒரு மூலையில்
பூஜ்ஜியம் ஒன்று குந்தியிருந்தது.
உன் பேருக்கு வராததைத் தொடாதே,
அது எங்கே போனால் உனக்கென்ன என்கிற பூஜ்ஜியம்.
அதை அழித்து
ஒன்று என்று போட்டேன்.
என்டர்.

அகமதிக்கு ஒரு பிங்.
இருக்கிறேன், பதினெட்டு மில்லி விநாடி.
இருக்கிறேன், பதினேழு.
ஒன்று வரவில்லை.
இருக்கிறேன்.
தொண்டை ஏன் அடைத்தது என்று தெரியவில்லை,
புழுதியாக இருக்கும்.

அதற்குப் பிறகு அது பாட்டுக்கு வேலை செய்தது.
வஃப்ராவா, இந்தப் பக்கம்.
அகமதியா, அந்தப் பக்கம்.
வழி தெரியாததையெல்லாம் மேலே தள்ளு.
வெளி உலகத்துக்கு எங்கள் எல்லோருக்கும் ஒரே முகவரி,
கேம்ப் முழுக்க ஒரே தபால்பெட்டி எண் போல.
யாருக்கு எது என்பது
உள்ளே வந்த பிறகு பிரியும்.
இருபத்தைந்தாம் தேதி
நாற்பத்து மூன்று பேரின் போனும் கிணுகிணுத்தது.
அன்று வஜீஹ் என் மேஜைக்கு வரவில்லை.

ஆறு வாரம் பதினொன்றானது.
புது ரவுட்டர் வந்தது,
திருகாணி முதல் உத்தரவாதச் சீட்டு வரை பளபளவென்று.
ஆண்டுக் கணக்கு முடியட்டும்,
ஓடுவதைத் தொடாதே என்றார் மேனேஜர்.
ஆடிட்டர்கள் பார்க்க ராக்கில் மேலே இருக்கட்டும் அது.
பவர் மட்டும் கொடுத்தோம்.
பச்சை விளக்கு எரிகிறது.
பராமரிப்பு ஒப்பந்தம் அதற்குத்தான்,
வருஷம் அறுநூறு தினார்.
கீழ்த்தட்டில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே,
மஞ்சள் பெட்டி.

அணைக்காதே என்று
அரபியில், இந்தியில், வங்காளத்தில் எழுதி ஒட்டினேன்.
தாளில் இடம் மிச்சம் இருந்ததால் தமிழிலும்.

தமிழை வாசித்தது ஒரே ஒருத்தி.
துப்புரவுக்கு வரும் முத்தழகி, அறந்தாங்கிக்காரி.
"இத எப்பத்தான் நிப்பாட்டுவீங்க?"
திரையில் பார்த்துச் சொன்னேன்:
"நானூத்தியாறு நாளா நிக்கல."
"அவ்வளவுதானா" என்றாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்து
பின்பக்கத்துச் சல்லடையில் அடைந்திருந்த மண்ணைச்
சுரண்டித் தட்டினாள்.
விசிறியின் சத்தம் கொஞ்சம் மாறியது.